பேண்டு சொன்ன பிராகின் கதை

உங்களுக்கு ஒரு வேலை தருகிறேன். ‘ஊருக்குள் டாங்கிகள் வந்துவிட்டன’ என்ற செய்தியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தெரிவிக்க வேண்டும். பேசக் கூடாது, எழுதக் கூடாது, கையை ஆட்டிக் காட்டவும் கூடாது. ஊதலாம், தட்டலாம், அவ்வளவுதான்.

நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். கரேல் ஹுசா என்ற இசையமைப்பாளர் 1968ஆம் ஆண்டு இந்த வேலையைத்தான் கையில் எடுத்தார். அவர் 1921இல் பிராக் நகரில் பிறந்தவர். இன்று அது செக் நாட்டின் தலைநகரம். அன்று செக்கோஸ்லோவாக்கியாவின் தலைநகரம். பாரிஸில் படித்துவிட்டு, அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகி அங்கேயே குடியேறிவிட்டார்.

1968 பிறந்தபோது அவருடைய சொந்த நாட்டில் நல்ல காலம் வருவதுபோல இருந்தது. அலெக்சாண்டர் டூப்செக் என்ற புதிய தலைவர் வந்தார். பத்திரிகைத் தணிக்கை தளர்ந்தது. மக்கள் பயமில்லாமல் பேச ஆரம்பித்தார்கள். அந்தச் சில மாதங்களுக்கு ‘பிராக் வசந்தம்’ என்று பெயர். சோவியத் யூனியனுக்கு இது பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 20ஆம் தேதி இரவு அதன் படையும் கூட்டாளி நாடுகளின் படைகளும் எல்லையைத் தாண்டின. விடிந்து பார்த்தால் பிராக் தெருக்களில் டாங்கிகள். வந்தவர்களுக்கு வழி தெரியக் கூடாது என்று மக்கள் தெருப் பெயர்ப் பலகைகளைக் கழற்றிப் போட்டார்கள். பொதுமக்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

கடல் கடந்து இருந்த ஹுசா இதையெல்லாம் ரேடியோவில் கேட்டுத் தவித்தார். அந்த நேரத்தில் இத்தாக்கா கல்லூரி தன் மாணவர் பேண்டுக்கு ஒரு புதிய இசை வேண்டும் என்று அவரிடம் கேட்டிருந்தது. அதற்காக அவர் எழுதியதுதான் ‘பிராக் 1968க்கான இசை’. 1969 ஜனவரி 31 அன்று வாஷிங்டனில் அந்த மாணவர்கள் அதை முதன்முதலாக வாசித்தார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க ஆயிரக்கணக்கான முறை வாசித்தாயிற்று.

பேண்டு என்றதும் குடியரசு நாள் அணிவகுப்போ கல்யாண ஊர்வலமோ உங்கள் நினைவுக்கு வரலாம். இது நடந்துகொண்டே வாசிக்கும் பேண்டு இல்லை. அரங்கத்தில் ஐம்பது அறுபது பேர் நாற்காலி போட்டு உட்கார்ந்து வாசிப்பது. கான்சர்ட் பேண்டு என்பார்கள். ஆர்க்கெஸ்ட்ராவில் இருப்பதுபோல வயலின் வரிசை இதில் கிடையாது. ஊதுகிற கருவிகளும் அடிக்கிற கருவிகளும்தான் பேண்டு. (கிளாரினெட் நம் கர்நாடக இசைக்கு வந்து சேர்ந்ததும் மேற்கத்திய பேண்டு வழியாகத்தான். தஞ்சாவூர் அரண்மனையிலேயே ஒரு பேண்டு இருந்தது.)

ஊதும் கருவி என்றால் காற்றை உள்ளே தள்ளுவதுதானே என்று நினைக்காதீர்கள். காற்று சும்மா போனால் சத்தம் வராது, அதிர வேண்டும். புல்லாங்குழலிலும் அதன் குட்டித் தம்பியான பிக்கலோவிலும் உதட்டிலிருந்து வரும் காற்று ஒரு துளையின் விளிம்பில் மோதி மேலும் கீழுமாக ஆடுகிறது. கிளாரினெட்டிலும் சாக்ஸபோனிலும் ஒற்றை நாணல் தகடு அதிர்கிறது. ஓபோவில் இரண்டு தகடுகள், நம் நாகசுரத்தின் சீவாளி மாதிரியே. டிரம்பெட், டிராம்போன், ஹார்ன், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகளில் அதிர்வது வாசிப்பவரின் உதடுகளேதான்.

நீங்களே செய்து பார்க்கலாம். ஒரு ஸ்ட்ராவை எடுத்து அதன் ஒரு நுனியைப் பல்லால் தட்டையாக்குங்கள். இரு ஓரங்களையும் கத்தரிக்கோலால் சாய்வாக வெட்டி ‘V’ வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். அந்த நுனியை வாய்க்குள் வைத்து உதட்டால் லேசாக அழுத்தி ஊதுங்கள். கொஞ்சம் பொறுமை வேண்டும். திடீரென்று ‘பேஏஏ’ என்று ஒரு சத்தம் வரும். வீட்டில் இருப்பவர்கள் எட்டிப் பார்ப்பார்கள். ஊதிக்கொண்டே இருக்கும்போது மறுமுனையைத் துண்டு துண்டாக வேறு யாரையாவது வெட்டச் சொல்லுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் சுரம் ஏறும். குழலுக்குள் இருக்கும் காற்றுத் தூண் குட்டையானால் வேகமாக அதிரும், நீண்டால் மெதுவாக அதிரும். பிக்கலோவின் நீளம் சுமார் 32 சென்டிமீட்டர். பெரிய டியூபாவின் குழலைச் சுருள் பிரித்து நீட்டினால் ஐந்தரை மீட்டர் வரும். ஒரே பேண்டுக்குள் இவ்வளவு வித்தியாசம்.

ஹுசா தன் இசையைப் பிக்கலோவில் தொடங்கினார். பேண்டிலேயே ஆகச் சின்னக் கருவி தனியாக ஒலிக்கிறது. அது ஒரு பறவையின் குரல் என்று அவரே சொல்லியிருக்கிறார். விடுதலைக்கு அது அடையாளம். ஆயிரம் ஆண்டு வரலாற்றில் பிராக் அவ்வப்போது சில கணங்கள் மட்டுமே கண்ட விடுதலை. பிக்கலோவுக்குப் பதிலாக டியூபாவை ஏன் வைக்கவில்லை? இயற்கையில் சின்ன உடம்பிலிருந்து மெல்லிய, உயர்ந்த குரல் வரும். பெரிய உடம்பிலிருந்து தாழ்ந்த குரல் வரும். கோழிக்குஞ்சையும் எருமையையும் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே எது பெரிது என்று சொல்லிவிடுவீர்கள். யாரும் கற்றுத்தராமலே உங்கள் காது வைத்திருக்கும் கணக்கு அது. அந்தக் கணக்கின்படி பிக்கலோ ஒரு சின்ன, தனித்த, எளிதில் நசுங்கிவிடக்கூடிய உயிர்.

பறவை பாடும்போதே அடியில் டிம்பனி என்ற பெரிய முரசு மிக மெதுவாகச் சில சுரங்களைத் தட்டுகிறது. அது என்ன என்று பிறகு சொல்கிறேன். புல்லாங்குழல், கிளாரினெட், ஹார்ன் ஆகியவை மூன்று சுரக்கூட்டுகளை மெல்ல ஒலிக்கின்றன. சுரக்கூட்டு என்றால் பல சுரங்கள் ஒரே நேரத்தில் சேர்ந்து ஒலிப்பது. கேட்கும்போது ஏதோ சரியில்லை என்று மனசுக்குப் படும். அதற்குக் காரணம் உங்கள் காதுக்குள் இருக்கிறது.

நொடிக்கு 440 முறை அதிரும் ஒரு சுரத்தையும் 444 முறை அதிரும் இன்னொரு சுரத்தையும் சேர்த்து ஒலித்தால், சத்தம் நொடிக்கு நான்கு முறை ஏறி இறங்கும். இந்த ஏற்ற இறக்கத்துக்கு விம்மல் என்று பெயர். இப்போது 440ஐயும் 466ஐயும் சேருங்கள். ஹார்மோனியத்தில் ஒட்டியிருக்கும் வெள்ளைக் கட்டையையும் கறுப்புக் கட்டையையும் ஒன்றாக அழுத்தினால் இதுதான் நடக்கும். வித்தியாசம் 26. நொடிக்கு 26 விம்மல்களை உங்களால் எண்ண முடியாது. எண்ண முடியாத விம்மல் சொரசொரப்பாகக் கேட்கிறது. உள்காதில் நத்தைச் சுருள் ஒன்று இருக்கிறதல்லவா, அதன் உள்ளே ஒரு மெல்லிய சவ்வு ஓடுகிறது. வேறு வேறு சுரத்துக்கு அதில் வேறு வேறு இடம் அதிரும். தள்ளித் தள்ளி இருக்கும் சுரங்கள் தத்தம் இடத்தில் அதிர்ந்துவிட்டுப் போகும். நெருக்கமான இரண்டு சுரங்கள் ஒரே இடத்துக்குப் போட்டி போடும். அந்த நெருக்கடிதான் நமக்கு உறுத்துகிறது. ஹுசாவின் இசையில் இந்த உரசல் நிறைய உண்டு. இனிமையாக இல்லையே என்று சிலர் முகம் சுளிப்பார்கள். இனிமையாக இருந்தால்தான் தப்பு என்பேன்.

அந்த மூன்று சுரக்கூட்டுகளையும் மறந்துவிடாதீர்கள். இரண்டாம் பகுதியில் அவை மறுபடி வரும். அங்கே சாக்ஸபோன்கள் ஆழ்ந்த குரலில் ஒரு சோகத்தை இழுத்துக்கொண்டு போகும்போது, அதே மூன்றும் பேண்டின் முழுப் பலத்தோடு வந்து விழுகின்றன. முன்பு முணுமுணுப்பாக இருந்தது இப்போது அலறல். சுரம் அதேதான். கதை நகர்ந்துவிட்டது.

முதல் பகுதியின் நடுவில் டிரம்பெட்டும் டிராம்போனும் பாய்ந்து வருகின்றன. ஆபத்து ஆபத்து என்ற அழைப்பு. இங்கே ஒரு விசித்திரமான இயற்பியல் இருக்கிறது. ரேடியோவின் சத்தத்தை எவ்வளவு குறைத்து வைத்தாலும், டிராம்போன்காரர் மெதுவாக ஊதுகிறாரா, மூச்சைப் பிடித்துக்கொண்டு முழுப் பலத்தில் ஊதுகிறாரா என்று உங்களால் சொல்லிவிட முடியும். எப்படி? பலமாக ஊதும்போது சத்தம் கூடுவதோடு ஒலியின் நிறமே மாறிவிடுகிறது. காற்றில் ஒலி நொடிக்குச் சுமார் 343 மீட்டர் வேகத்தில் போகும். ஆனால் அலையின் அழுத்தம் மிகுந்த பகுதி, அழுத்தம் குறைந்த பகுதியைவிட ஒரு துளி வேகமாக ஓடும். சாதாரணப் பேச்சில் இந்த வித்தியாசம் கணக்கிலேயே வராது. டிராம்போனின் நீண்ட, ஒடுங்கிய குழலுக்குள் பலமாக ஊதும்போது மட்டும் பின்னால் வரும் அழுத்தம் முன்னால் போவதை எட்டிப் பிடிக்கிறது. கடற்கரையில் அலை உயர்ந்து உயர்ந்து முன்பக்கம் செங்குத்தாகி நிற்பதைப் பார்த்திருப்பீர்களே, ஒலி அலையும் அப்படிச் செங்குத்தாகிறது. மிகவும் பலமாக ஊதினால் குழலுக்குள் அதிர்ச்சி அலையே உருவாகிறது என்று 1996இல் ஆய்வாளர்கள் அளந்து காட்டினார்கள். ஒலியைவிட வேகமாகப் பறக்கும் விமானத்தோடு வருமே, அதே வகை அலை. செங்குத்தான அலையில் உயர்ந்த மேற்சுரங்கள், அதாவது அடிப்படைச் சுரத்தோடு சேர்ந்து ஒலிக்கும் உயர்ந்த அதிர்வுகள், கூட்டமாக இருக்கும். அதனால்தான் அந்தக் கிழிக்கிற, பளபளவென்ற உலோகச் சத்தம். மனிதன் கோபத்தில் கத்தும்போதும் குரலில் உயர்ந்த மேற்சுரங்கள் கூடுகின்றன. பித்தளைக் கருவிக்குக் கோபம் இயல்பாக வருவது இதனால்தான்.

சத்தம் சிறுகச் சிறுக ஏறினால் என்ன ஆகும்? 1998இல் ஜான் நியூஹாஃப் என்ற அமெரிக்க உளவியலாளர் ஒரு சோதனை செய்தார். ஒரு சுரத்தின் சத்தத்தை ஓர் அளவு ஏற்றிக் காட்டினார், அதே அளவு இறக்கியும் காட்டினார். இரண்டும் சமம். கேட்டவர்களோ ஏறியதுதான் அதிகம் மாறியது என்றார்கள். வெறும் இரைச்சலை வைத்துச் செய்தபோது இந்த மயக்கம் வரவில்லை; சுரமுள்ள ஒலிக்குத்தான் வந்தது. ஏறும் சத்தம் என்றால் ஏதோ நெருங்கி வருகிறது என்று பொருள். விலகிப் போவதைத் தப்பாகக் கணித்தால் நஷ்டமில்லை. நெருங்கி வருவதைத் தப்பாகக் கணித்தால் ஆள் காலி. அதனால் மூளை முன்கூட்டியே பயந்து வைக்கிறது. படைகள் நெருங்குவதைக் காட்ட நினைக்கும் இசையமைப்பாளருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

மூன்றாம் பகுதியில் ஊதுகிறவர்கள் எல்லோரும் சும்மா இருக்கிறார்கள். அடிக்கும் கருவிகள் மட்டும்தான். கடைசியில் ஸ்நேர் டிரம் உருள ஆரம்பிக்கிறது. அந்தச் சின்ன மேளத்தின் அடித்தோலை ஒட்டிச் சில கம்பிச் சுருள்கள் கட்டியிருக்கும். மேலே தட்டினால் அவை கீழ்த்தோலில் தாறுமாறாகத் துள்ளும். அந்தச் சத்தத்துக்குச் சுரம் என்று ஒன்று கிடையாது. எல்லா அதிர்வெண்களும் கலந்துகட்டி வரும். ஐரோப்பியப் படைகள் பல நூற்றாண்டுகளாக இந்த வகை மேளத்தை வைத்துத்தான் சிப்பாய்களுக்குக் கட்டளை கொடுத்தன. அது உருண்டு உருண்டு பெருகி, நிற்காமல் நான்காம் பகுதிக்குள் நம்மைத் தள்ளிவிடுகிறது.

மணியைச் சொல்ல மறந்துவிட்டேன். இசை நெடுகிலும் மணி ஒலிக்கிறது. பிராகுக்கு ‘நூறு கோபுரங்களின் நகரம்’ என்று பெயர். ஆபத்து வந்தாலும் அங்கே தேவாலய மணி அடிப்பார்கள், வெற்றி வந்தாலும் அடிப்பார்கள். மேடைக்குத் தேவாலய மணியைத் தூக்கி வர முடியாது, டன் கணக்கில் எடை. பதிலாக நீண்ட உலோகக் குழாய்களைத் தொங்கவிட்டு, மேல் நுனியில் சுத்தியலால் தட்டுவார்கள். குழாய் மணி. இதில் ஒரு வேடிக்கை உண்டு. தட்டியதும் குழாய் பல அதிர்வெண்களில் அதிர்கிறது. அவற்றில் முக்கியமான மூன்றும் ஏறத்தாழ 2:3:4 என்ற விகிதத்தில் இருக்கும். மூளை அந்த மூன்றையும் பார்த்து, 1 எங்கே என்று தேடி, தானே அதைப் போட்டுக்கொள்கிறது. நீங்கள் கேட்கும் மணியின் சுரம் அந்தக் குழாயில் இல்லவே இல்லை! உங்கள் தலைக்குள்தான் அது ஒலிக்கிறது.

இப்படி ஒலியிலிருந்து உணர்ச்சிக்குப் போகும் பாதை எல்லா மனிதருக்கும் பொதுவா? 2003இல் பேட்ரிக் யூஸ்லின், பெட்ரி லவுக்கா என்ற இரண்டு ஆய்வாளர்கள் பேச்சில் உணர்ச்சி பற்றிய 104 ஆய்வுகளையும் இசையில் உணர்ச்சி பற்றிய 41 ஆய்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். சோகம் என்றால் மெதுவாக, தாழ்வாக, சத்தம் குறைவாக. கோபம் என்றால் வேகமாக, பலமாக, கூர்மையாகத் தொடங்குவதாக. பேசுகிறவரும் வாசிக்கிறவரும் ஒரே குறிப்புகளைத்தான் பயன்படுத்துகிறார்கள். 2009இல் இன்னோர் ஆய்வு வந்தது. ஆப்பிரிக்காவில் கேமரூன் நாட்டு மலைகளில் வாழும் மாஃபா மக்களில், மேற்கத்திய இசையைக் கேட்டே இராதவர்களிடம் அந்த இசையைப் போட்டுக் காட்டினார்கள். மகிழ்ச்சி, சோகம், பயம் மூன்றையும், குருட்டாம்போக்கில் ஊகித்தால் வருவதைவிட அதிக முறை அவர்கள் சரியாகப் பிரித்தார்கள். எல்லாமே சரியாக இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆக, பயம் புரிந்துவிடும். ஆனால் ‘பிராக்’? ‘டாங்கி’? ‘1968’? எந்தப் பிக்கலோவாலும் ஓர் ஊரின் பெயரைச் சொல்ல முடியாது. ஒலி உணர்ச்சியைத்தான் தருகிறது, கதை வேறிடத்திலிருந்து வர வேண்டும். இசை எல்லாவற்றையும் பேசும், அது உலகப் பொதுமொழி என்று மேடையில் பேசுகிறவர்களை நான் நம்புவதில்லை.

முதலில் டிம்பனி மெதுவாகத் தட்டியதே, அதற்கு வருவோம். அது 15ஆம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்றின் தொடக்கம். ஹுசைட்டுகள் என்ற செக் மக்கள் தங்களை அடக்க வந்த படைகளை எதிர்த்துப் போருக்குப் போகும்போது பாடியது. அதன் பிறகு அந்த நாட்டுக்கு எப்போது கஷ்டம் வந்தாலும் அந்தப் பாட்டு எழுந்து வரும். ஸ்மெட்டனா என்ற புகழ்பெற்ற செக் இசையமைப்பாளரும் தன் ‘என் தாய்நாடு’ இசையில் அதைச் சேர்த்திருக்கிறார். செக்காரர் ஒருவருக்கு அந்த நான்கைந்து சுரம் போதும், உடம்பு சிலிர்த்துவிடும். உங்களுக்கும் எனக்கும் அது ஏதோ முரசுச் சத்தம். ஹுசா அதை முதலில் காதில் விழுந்தும் விழாததுமாக வைத்து, கடைசிப் பகுதியில் பேண்டு முழுவதையும் ஒரே சுரத்தில் சேர்த்துப் பாட வைத்தார். அதுவரை ஒன்றோடொன்று உரசிய சுரங்கள் இங்கே ஒன்றாகிவிடுகின்றன. இருந்தாலும் பாட்டை அவர் எங்குமே முழுதாகத் தரவில்லை. அப்போது நாடு விடுதலை அடைந்திருக்கவில்லையே, அதனால் முடிக்காமல் விட்டார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன்.

எல்லா பேண்டு இசையும் நாட்டின் கதையைத்தான் சொல்ல வேண்டும் என்பதில்லை. ஆஸ்திரேலியாவில் பிறந்த பெர்சி கிரெய்ஞ்சர் 1905, 1906 வாக்கில் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் பகுதியில் ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல் சேகரித்தார். மெழுகு உருளையில் குரலைப் பதியும் கருவியும் வைத்திருந்தார். வயதான பாடகர்கள் தாளத்துக்குக் கட்டுப்பட்டுப் பாடவில்லை. ஓரிடத்தில் இழுப்பார்கள், ஓரிடத்தில் மூச்சு வாங்குவார்கள், பிடித்த சொல்லில் நின்றுவிடுவார்கள். வேறு யாராவது இருந்தால் அதையெல்லாம் திருத்தி எழுதியிருப்பார்கள். இவர் அந்த இழுப்பையும் நிறுத்தத்தையும் அப்படியே வைத்துக்கொண்டார். 1937இல் அவற்றிலிருந்து பேண்டுக்காக எழுதியதுதான் ‘லிங்கன்ஷயர் போஸி’. அடிக்கடி தாளம் மாறும், வாசிக்க மிகவும் கஷ்டம். பாட்டின் கதையைவிடப் பாடியவரின் குணத்தைக் காட்டுவதில்தான் அவருக்கு ஆசை. மூச்சில் வாழும் கருவிகளுக்கு, இன்னொருவர் மூச்சு விட்ட விதத்தைக் காட்டுவது பொருத்தமான வேலைதான்.

இப்படிப்பட்ட இசையைக் கேட்கும்போது சில இடங்களில் கையில் மயிர் குத்திட்டு நிற்கிறதா? 2011இல் கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளர்கள் இசை கேட்பவர்களின் மூளையைப் படம் பிடித்துப் பார்த்தார்கள். அந்தச் சிலிர்ப்பின் உச்சத்தில் மூளை டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கிறது. பிடித்ததைச் சாப்பிடும்போது சுரப்பதும் அதுதான். உச்சம் வருவதற்குச் சில நொடி முன்பே, இதோ வரப்போகிறது என்று காத்திருக்கும்போதே, மூளையின் வேறொரு பகுதியிலும் சுரக்கிறது. காத்திருக்க வைப்பதுதான் இசையமைப்பாளரின் பாதித் திறமை.

உணர்ச்சியை ஒலி பார்த்துக்கொள்ளும், கதையைச் சொல்லால்தான் சொல்ல வேண்டும் என்பது ஹுசாவுக்கும் தெரிந்திருந்தது. இசையின் முதல் பக்கத்தில் ஒரு முன்னுரை எழுதி, பறவை எது, மணி எது, பாட்டு எது என்று விளக்கினார். கச்சேரி நோட்டீஸில் அதை முழுதாக அச்சிட வேண்டும், இல்லாவிட்டால் வாசிப்பதற்கு முன் சபைக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார். 1989இன் இறுதியில் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சி மாறியது. 1990இல் ஹுசா பிராகுக்குப் போய்த் தானே அந்த இசையை நடத்தினார். அங்கே இருந்தவர்களுக்கு முன்னுரை தேவைப்பட்டிருக்காது.

இந்த இசை இணையத்தில் கிடைக்கிறது. ஒரு நண்பரைக் கூப்பிட்டு, பெயரைச் சொல்லாமல் முதல் ஐந்து நிமிடத்தைப் போட்டுக் காட்டுங்கள். என்ன தோன்றுகிறது என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பிறகு பிராகின் கதையைச் சொல்லிவிட்டு அதே ஐந்து நிமிடத்தை மறுபடி போடுங்கள், மறுபடி எழுதச் சொல்லுங்கள். இரண்டு தாள்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது மாறியது, எது மாறவில்லை என்று நீங்களே கண்டுபிடியுங்கள்.